செங்கோட்டைத் துப்பாக்கியும் அடையாறு பிளாட்டும்

மயிலாப்பூர்

அன்பு மகனுக்கு, பெரியப்பாவின் ஆசிகள்.

உன் நீளமான மெயிலைப் பக்கத்துக் கடையில் கொடுத்து அச்செடுத்துப் படித்தாயிற்று. பத்திரிகை ஆபீசில் 'நான்' போடாமல் எழுதியே பழகின கை. வீட்டுக் கடிதத்திலும் 'பெரியப்பா' என்றுதான் வருகிறது. சிரிக்காதே.

உன் கோபம் நியாயமானதுதான். அப்பா போன பிறகு தாத்தாவின் துப்பாக்கியை முறைப்படி ஆயுதக் கடையில் ஒப்படைத்தாய். அதற்கு மாதா மாதம் வாடகை வேறு. லைசென்ஸை உன் பெயரில் கேட்க, வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ், ஆட்சேபணை இல்லை என்று அக்காவிடம் எழுதி வாங்கிய பத்திரம், ஆயுதத்தைக் கையாளத் தெரியும் என்பதற்குப் பயிற்சிச் சான்றிதழ். இத்தனையும் கொடுத்த பிறகு விசாரிக்க வந்தவர் கேட்டது ஒரே கேள்வி. "உங்க உயிருக்கு ஏதாவது ஆபத்து இருக்கா சார்?" இல்லை என்றால், "அப்புறம் எதுக்கு சார் துப்பாக்கி?" இருக்கிறது என்றால், "கம்ப்ளெயின்ட் கொடுத்தீங்களா, எஃப்.ஐ.ஆர். இருக்கா?" இந்தச் சுற்றுக்குள்ளேதான் உன் பைல் நிற்கிறது.

சட்டம் உன் பக்கம் இருக்கும் இடத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, ரிவால்வர் கேட்பவனையும் தாத்தாவின் துப்பாக்கி மாதிரி ஒன்றைக் கேட்பவனையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. உள்ளே வரிப்பள்ளம் இல்லாத, குறைந்தது 20 அங்குலக் குழல் உள்ள துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ ஒரு குடிமகன் கேட்டால் லைசென்ஸ் 'கொடுக்க வேண்டும்' என்கிறது. மற்றவற்றுக்குத்தான் 'தகுந்த காரணம்' காட்டச் சொல்கிறது. 14ஆம் பிரிவில் மறுக்க இடமுண்டு: ஆள் தகுதியற்றவர், பொது அமைதிக்குப் பங்கம் என்ற மாதிரிக் காரணங்கள். அப்படி மறுத்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். 18ஆம் பிரிவில் மேல்முறையீடும் உண்டு. நல்ல வக்கீல் வைத்தால் தாத்தாவின் டபுள் பேரல் உன் கைக்கு வந்துவிடும். கூடவே ஒரு .32 ரிவால்வரும் வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறாயே, அங்கேதான் சட்டம் உன்னை விட்டு விலகிக்கொள்கிறது. பெரியம்மாவுக்கும் அந்த வரியைப் படித்ததிலிருந்து நிம்மதி இல்லை.

இந்தச் சலிப்பு உன் ஒருவனுக்கு மட்டும் இல்லை. துப்பாக்கி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். தேர்தல் அறிவித்தால் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும், முடிந்ததும் போய் வாங்க வேண்டும். ஒவ்வொரு லைசென்ஸாக ஆராய ஒரு கமிட்டி உண்டு என்று தேர்தல் ஆணையத்தின் வழிமுறை சொன்னாலும், எல்லாரையும் ஒரேயடியாகக் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார்கள் என்பது இவர்களின் மனக்குறை. தேசிய ரைபிள் சங்கத்து விளையாட்டு வீரர்களுக்கு விலக்கு உண்டு. வீட்டுக் காவலுக்கு வைத்திருப்பவருக்கு இல்லை. எத்தனை தோட்டா வாங்கலாம் என்பது லைசென்சில் எழுதியிருக்கும். 2016 விதிகளின்படி ஒவ்வொரு லைசென்சுக்கும் தேசியப் பதிவில் தனி எண். 2019 திருத்தத்தில் ஒருவர் மூன்று ஆயுதம் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. ஆறுதலுக்கு ஒன்றே ஒன்று: லைசென்ஸ் காலம் மூன்று வருஷத்திலிருந்து ஐந்தானது.

'குடகுக்காரனுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?' என்று கேட்டிருக்கிறாய். உண்மைதான், வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அவர்களுக்கு லைசென்ஸ் விலக்கு. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டியது, 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் சரி என்றது. அதற்காக அடையாறு குடகாகிவிடாது. மத்திய உள்துறையின் 2016 டிசம்பர் கணக்குப்படி நாடு முழுக்க 33 லட்சத்துக்கு மேல் லைசென்ஸ். அதில் உத்தரப் பிரதேசம் மட்டும் 12.77 லட்சம். தமிழ்நாடு சுமார் 22,500. நம் ஊரில் துப்பாக்கி கேட்பவனை அதிசயமாகப் பார்க்கிறார்கள் என்றால் அதில் அதிசயம் இல்லை.

நீ டெக்சாஸில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்ததிலிருந்து அமெரிக்காவை உதாரணம் காட்டுகிறாய். அங்கேயும் எல்லா ஊரும் டெக்சாஸ் இல்லையப்பா. நியூயார்க்கில் 1911லேயே சல்லிவன் சட்டம் வந்துவிட்டது. அதற்கடுத்து, துப்பாக்கியோடு வெளியே போக வேண்டுமென்றால் 'தகுந்த காரணம்' காட்டு என்றார்கள். 'எல்லாருக்கும் உள்ள ஆபத்துதான் எனக்கும், தனியாக என்னத்தைக் காட்டுவது?' என்று நூறு வருஷத்துக்கு மேல் அந்த ஊர்க்காரர்கள் புலம்பினார்கள். 2022 ஜூனில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை ரத்து செய்தது. அங்கே அரசியல் சாசனத்தின் இரண்டாம் திருத்தம் கைகொடுத்தது. இங்கே அப்படியொரு அடிப்படை உரிமையே கிடையாது என்பதை 2023 பிப்ரவரியில் நம் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் கே.எம். ஜோசப்பும் பி.வி. நாகரத்னாவும் நினைவுபடுத்தினார்கள்.

அதே 1911 ஜூன் 17, மணியாச்சி. கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்ட நாள். வாஞ்சிநாதன் நம் செங்கோட்டைக்காரர் என்று தாத்தா சொல்லாத நாள் கிடையாது. 1878ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் ஐரோப்பியருக்கு லைசென்சே வேண்டாம். இந்தியன் என்றால் கட்டாயம். ஆஷைச் சுட்ட கைத்துப்பாக்கி பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியிலிருந்து வந்தது, வ.வே.சு. ஐயர் சுடப் பழக்கியதும் அந்தப் பக்கம்தான். அதனால்தான் தாத்தாவுக்குத் துப்பாக்கியைவிட லைசென்ஸ் புத்தகத்தின் மேல் அத்தனை பெருமிதம். மஞ்சள் பையில் சுற்றி, பூஜை அலமாரிக்குக் கீழே வைத்திருப்பார். ஓரம் நைந்து, பக்கத்துக்குப் பக்கம் ரப்பர் ஸ்டாம்ப் ஊதா மையில் கசிந்து... நீ அதைப் பார்த்திருக்கிறாய்.

துப்பாக்கியைத் துடைக்கும் வேலை மட்டும் பெரியப்பாவுடையது. திண்ணையில் உட்கார்ந்து, பூட்டை விலக்கிக் குழலை மடக்கி, வெயில் பக்கம் தூக்கிப் பிடித்தால் இரண்டு வட்டமாக வெளிச்சம் தெரியும். கோலில் துணியைச் சுற்றி, எண்ணெய் விட்டு, உள்ளே கரிப்புள்ளி ஒன்றுகூட இல்லை என்று தாத்தா தலையாட்டும்வரை இழுக்க வேண்டும். உன் அப்பா தூணில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்ப்பான். கடைசியில் துப்பாக்கி யாருக்குப் போயிற்று என்பது உனக்குத் தெரியும். அதை இப்போது கிளற வேண்டாம்.

ஆனால் ஒன்று. அந்தத் துப்பாக்கிக்கு அங்கே வேலை இருந்தது. மலையடிவாரத் தோப்பு, ராத்திரி பன்றி இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி, கூட்டம் ஓடிவிடும். தோப்பை உன் அப்பா விற்றானே, அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பத்திரம் பதிவான மறுநாள் போனில் தகவலாகச் சொன்னானே, அன்றைக்கே துப்பாக்கியின் வேலையும் முடிந்துவிட்டது. மண்ணைக் கொடுத்துவிட்டு அதைக் காக்க வைத்திருந்த ஆயுதத்தை மட்டும் அடையாறுக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். இன்றைக்குத் தோப்பே நம்மிடம் இருந்தாலும் பன்றியை நீ சுட முடியாது. 2025 ஜனவரியில் அரசு எடுத்த முடிவுப்படி காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தாண்டி வரும் காட்டுப்பன்றியைச் சுடுவது வனத்துறை வேலை. விவசாயி தகவல்தான் சொல்லலாம்.

எழுபது வயது ஆனதும் வாரிசு பெயருக்கு மாற்றிக் கொடுக்க 2016 விதிகளில் வழி இருக்கிறது, உயிரோடு இருக்கும்போதே செய்துவிடு என்று உன் அப்பாவிடம் பெரியப்பா சொன்னார். அவன் எப்போது அண்ணன் பேச்சைக் கேட்டான்?

அடையாறு பிளாட்டில் துப்பாக்கி உன்னைக் காப்பாற்றாது. நீதான் அதைக் காப்பாற்ற வேண்டும். பூட்டிய இரும்புப் பெட்டியில் வை என்கிறது விதி. தோட்டா தனியாக, சாவி தனியாக. பெசன்ட் நகர்ப் பக்கத்து உப்புக்காற்றுக்கு மாசம் ஒரு தடவை எண்ணெய் போடாவிட்டால் துருப்பிடிக்கும். குடும்பத்தோடு வெளியூர் போனால் அதை நினைத்து ராத்திரி விழிப்பு. திருடன் பயம் என்கிறாய், நகையெல்லாம் தி.நகர் பேங்க் லாக்கரில் இருக்கிறது. வீட்டில் திருடுவதற்கென்று இருக்கப்போவது அந்தத் துப்பாக்கிதான். இதை எழுதும்போது எட்டு வயதுப் பேத்தியின் ஞாபகம் வருகிறது. அவளுக்குத் தெரியாமல் அந்த வீட்டில் ஒரு சாவியை ஒளித்துவிட முடியுமா?

கைக்கெட்டும் துப்பாக்கி என்ன செய்யும் என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. 1967 ஜனவரி 12. ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரைப் பார்க்கப் போனவர் எதிரி இல்லை. எத்தனையோ படத்தில் கூட நடித்த எம்.ஆர். ராதா. பேச்சு, பேச்சு, ராதா கையில் ரிவால்வர்; சுட்டுவிட்டார். எம்.ஜி.ஆரின் குரல் அதற்குப் பிறகு பழையபடி திரும்பவே இல்லை; ராதா சிறைக்குப் போனார்.

2011 ஜூலையில் தீவுத்திடல் பக்கத்து ராணுவக் குடியிருப்பு. வாதுமைக் காய் பறிக்கச் சுவரேறிய பதிமூன்று வயதுப் பையனை ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் சுட்டார். ரைபிளைக் கூவத்திலிருந்து எடுத்தார்கள். மறு வருஷம் ஆயுள் தண்டனை. ராணுவத்தில் இருந்த, துப்பாக்கியை முறையாகக் கற்ற மனிதர் அவர். குற்றவாளியாகப் பிறந்தவர் இல்லை. அந்த மத்தியானம் அவர் கைக்கெட்டும் தூரத்தில் ரைபிள் இல்லாமல் இருந்திருந்தால், பையன் நாலு திட்டு வாங்கிக்கொண்டு ஓடியிருப்பான்.

உன் மனைவி பெரியம்மாவிடம் பேசினாள். கோபித்துக்கொள்ளாதே, அவள் குறை சொல்லவில்லை. அப்பா காரியம் முடிந்ததிலிருந்து நீ ராத்திரி இரண்டு மணிக்கு ஹாலில் நடக்கிறாயாம். கீழ்வீட்டுக்காரரோடு கார் நிறுத்தும் இடத்துக்காகக் கைநீட்டும் அளவுக்குப் போயிற்றாம். ரிவால்வர் வரியையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு வயசாளிக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். தூக்கத்துக்கு டாக்டரைப் பார். அது அவமானம் இல்லை. லைசென்ஸ் அப்புறம்.

முடிவு உன்னுடையதுதான், பெரியப்பா குறுக்கே நிற்க மாட்டார். மூன்று வழி இருக்கிறது. வக்கீல் வைத்து, வேப்பேரி கமிஷனர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, அலைச்சலும் செலவுமாக லைசென்ஸ் வாங்கி, காலம் முழுக்க அதற்குக் காவல் இருக்கலாம். அல்லது கடையிலேயே போட்டு வாடகை கட்டிக்கொண்டே இருக்கலாம். அல்லது லைசென்ஸ் உள்ள ஒருவருக்கு, செங்கோட்டைப் பக்கத்துக்காரராகவே பார்த்து, கடைக்காரர் மூலம் முறைப்படி விற்றுவிட்டுக் கையைக் கழுவலாம். லைசென்ஸ் புத்தகம் நம் வீட்டிலேயே இருக்கட்டும். தாத்தா பெருமைப்பட்டது அதற்குத்தானே?

சுட வேண்டும் என்ற ஆசை நிஜமானதென்றால் அதற்கும் வழி இருக்கிறது. .177 அளவுக்கு மேல் போகாத, 20 ஜூல் சக்திக்கு உட்பட்ட ஏர் ரைபிளுக்கு லைசென்சே வேண்டாம். பத்து மீட்டர் போட்டி அதில்தான். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டனில் வெண்கலம் வாங்கியதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவுக்கும் பாரிசுக்கும் போனதும் அந்த ரைபிளோடுதான். 12 போர்தான் வேண்டும் என்றால் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமானைப் பார்; பாரிஸ் ஒலிம்பிக் ட்ராப் போட்டியில் அவர் கையில் இருந்தது அந்த ஜாதிதான். உனக்குப் பிடித்த அஜித் குமார்கூட 2021 மாநிலப் போட்டியில் பதக்கம் பதக்கமாக அள்ளினார். கிளப்பில் சேர். சனி, ஞாயிறு போ. பத்து மீட்டரில் கை நடுங்காமல் நிற்க மூச்சை அடக்கப் பழக வேண்டும். அது ராத்திரித் தூக்கத்துக்கும் நல்லது. சேர்க்கைக் கட்டணம் பெரியப்பாவுடையது. பேச்சே வேண்டாம்.

இவ்வளவு எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. இந்தக் குடும்பத்தில் உன்னை மாதிரி பொறுப்பான பிள்ளை வேறு யார்? அப்பாவைக் கடைசி வரை நீ பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஊர் முழுக்கப் பெரியப்பா அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். லைசென்சுக்கே போவதென்று முடிவெடுத்தாலும் சரி, வேப்பேரிக்குக் கூட வந்து உட்கார்ந்திருப்பார். இரும்புப் பெட்டியும் அவர் செலவு. உன் அப்பா மேல் கோபமெல்லாம் எப்போதோ போய்விட்டது. தோப்பு விஷயத்தை ஒரு பேச்சுக்குத்தான் எழுதியது.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் மூன்று பேரும் வந்துவிடுங்கள். பெரியம்மா வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் உனக்கென்று தனியாகச் சேனை ரோஸ்ட்டும் செய்கிறாள். பேத்திக்கு மாட வீதியில் பொம்மை வாங்கித் தருவதாகப் பெரியப்பா வாக்குக் கொடுத்திருக்கிறார். காரை எடுத்துக்கொண்டு வராதே, ஆட்டோவில் வா. இங்கே நிறுத்த இடமில்லை, பக்கத்து வீட்டுக்காரர் உன் கீழ்வீட்டுக்காரருக்கு அண்ணன்.

என்றும் அன்புடன்,
பெரியப்பா