கைராசி செல்லாத மேடை

பெரியநாயக்கன்பாளையம்

அன்புள்ள அம்மிணி,

கோயமுத்தூர் பிளாஸ்டிக் சர்ஜன்கள் வெளிநாட்டு மாநாடுகளுக்குப் போய் அப்படி என்னதான் பேசுகிறார்கள், மூக்கை அழகாக்குவதைப் பற்றியா என்று கேட்டிருக்கிறாய். மூக்கைப் பற்றியும் பேசுவார்கள். ஆனால் நம் பக்கத்து டாக்டர்களை அங்கே கூப்பிடுவது பெரும்பாலும் நசுங்கிய கைக்காகவும் நொறுங்கிய காலுக்காகவும்தான். காரணம் நீ பஸ்ஸில் போய்வருகிற மேட்டுப்பாளையம் ரோட்டிலேயே இருக்கிறது. ஃபவுண்டரி, லேத் பட்டறை, பம்பு கம்பெனி, மில். பவர் பிரஸ்ஸில் தகடு வைக்கிற கை ஒரு நொடி பிந்தினால் போதும். தோட்டத்துக்குள் போனால் சோளத்தட்டு நறுக்கும் மெஷின். இத்தனைக்கும் நடுவே ரோட்டில் லாரி.

நம் ஊரில் ஒரு டாக்டரைப் புகழ வேண்டுமென்றால் கைராசிக்காரர் என்போம். மாநாட்டில் கைராசி செல்லாது. உன் கையால் நடந்தது, உன்னைப் பார்த்தே இராத இன்னொருவர் கையாலும் நடக்குமா? எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதே மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கும் கங்கா மருத்துவமனையை உனக்குத் தெரியும், 1978-ல் தொடங்கியது. அங்கே சகோதரர்கள் இருவரில் எஸ். ராஜசேகரன் எலும்பு மருத்துவர், எஸ். ராஜசபாபதி பிளாஸ்டிக் சர்ஜன். லாரி ஏறிய கால் வந்தால் எலும்பைப் பார்ப்பவரும் தோலையும் சதையையும் பார்ப்பவரும் ஆரம்பத்திலேயே சேர்ந்து நிற்பது அவர்கள் வழக்கம். அந்த அனுபவத்திலிருந்து 2006-ல், பிரிட்டன் எலும்பு மருத்துவ இதழ் ஒன்றில், அவர்கள் குழு ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டது. தோலுக்கு ஒன்று முதல் ஐந்து, எலும்புக்கு அப்படியே, தசை, நரம்புக்கும் அப்படியே. சர்க்கரை நோய் மாதிரி கூடவே வருகிற தொல்லைகளுக்குத் தனியே இரண்டிரண்டு. கூட்டினால் 14-க்குள் வந்தால் காலைக் காப்பாற்ற முயலலாம். 17-ம் அதற்கு மேலும் என்றால் எடுத்துவிடுவதே நல்லது. நடுவில் வரும் 15, 16-ல்தான் டாக்டருக்குத் தூக்கம் போகும். எந்த நாட்டிலோ நடுராத்திரி டூட்டியில் தனியாக நிற்கும் ஒரு சின்ன டாக்டர் இதைக் கூட்டிப் பார்த்து முடிவுக்கு வரலாம் பார்! அதற்குத்தான் மேடை.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1971-ல் கைக்கென்று தனிப் பிரிவு தொடங்கிய ஆர். வெங்கடசாமி. விரல் நுனி சாய்வாக வெட்டுப்பட்டு எலும்பு தெரிகிறது என்று வைத்துக்கொள். எலும்பைக் கொஞ்சம் நறுக்கிவிட்டுத் தைத்தால் விரல் குட்டையாகிவிடும். வேறு இடத்துத் தோலை வைத்தால் நுனி மரத்த மாதிரியே கிடக்கும். அவர், அதே விரலின் பக்கவாட்டில் முக்கோணமாகத் தோலைக் கீறி, அதற்குள் ஓடும் ரத்தக்குழாயையும் நரம்பையும் அறுக்காமல் பிரித்து, முன்னால் நகர்த்தி நுனியை மூடினார். பின்னால் விழும் இடைவெளியை அப்படியே சேர்த்துத் தைத்துவிடலாம். ஒரே ஆபரேஷன். விரலின் நீளமும் நின்றது. சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்க்கிற உணர்ச்சியும் நின்றது. 1980-ல் சக மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து அமெரிக்க இதழில் இதை எழுதினார். இன்று அதற்குப் பெயரே வெங்கடசாமி ஃபிளாப். வெள்ளைக்கார டாக்டர்கள் அந்தப் பெயரை நாக்கு சுளுக்கிக்கொண்டு சொல்வதைக் கேட்கும்போது எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். இருக்கட்டுமே!

எழுதாமலும் பேசாமலும் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1792 வாக்கில், திப்பு சுல்தானோடு நடந்த போரில், ஆங்கிலேயப் படைக்கு மாடு ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்புவின் ஆட்களிடம் பிடிபட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். நம் கோயமுத்தூர்க் கோட்டை முற்றுகைக்கு ஆளானதும் அதே போரில்தான். பிறகு புனே பக்கத்தில் செங்கல் சூளைக்காரர் வகுப்பைச் சேர்ந்த ஒருவர் அவருக்கு மூக்கு செய்து கொடுத்தார். மெழுகில் மூக்கு செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு போட்டு, அந்த அளவுக்குத் தோலை உரித்தார். புருவங்களுக்கு நடுவில் மட்டும் ஒட்டு விட்டிருந்தார். புது இடத்தில் தோல் பிடிக்கும்வரை அந்த வழியாகத்தான் ரத்தம் வரவேண்டும். பிறகு தோலைத் திருப்பி மூக்கிருந்த இடத்தில் பொருத்தினார். 1794 அக்டோபரில் லண்டன் ‘ஜென்டில்மேன்ஸ் மேகஸின்’ இதைப் படத்தோடு போட்டது. ஜோசப் கார்ப்பியூ என்ற லண்டன் டாக்டர் அதே முறையைப் பிணங்களில் பழகிப் பார்த்து, 1814-ல் உயிருள்ளவருக்குச் செய்து, 1816-ல் புத்தகமும் போட்டார். மேற்கே புது மூக்கு வைக்கும் வேலை மறுபடி சூடுபிடித்தது அங்கிருந்துதான். கவாஸ்ஜி பெயர் நின்றது, கார்ப்பியூ பெயர் நின்றது. வெட்டித் தைத்தவர் பெயர் அந்த மேகஸினில் இல்லவே இல்லை! நம்மவர்கள் விமானம் ஏறிப் போய்த் தங்கள் வேலையைத் தாங்களே சொல்ல வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

அங்கே போய்ப் பேச இங்கிலீஷ் பயம் வேண்டாம். சாதாரணமாக ஒருவருக்குக் கிடைப்பது எட்டுப் பத்து நிமிடம். அதில் முக்கால்வாசி படம்தான் பேசும். அடிபட்ட அன்றைய படம், தையல் போட்ட படம், பல மாதம் கழித்து அதே கை டம்ளரைப் பிடிக்கிற படம். கடைசிப் படம் இல்லாவிட்டால் முதல் இரண்டையும் யாரும் நம்ப மாட்டார்கள். நோயாளி சம்மதிக்காமல் எதையும் காட்டவும் கூடாது. பேசி முடித்ததும் மைக் முன்னால் ஒருவர் வந்து நிற்பார். எத்தனை பேருக்கு நகர்த்தி வைத்த தோல் உயிர் பிடிக்காமல் கருத்துப் போனது என்று கேட்பார். ஒருவருக்கும் இல்லை என்று சொன்னால் அரங்கமே சந்தேகப்படும். இத்தனை பேருக்கு, இன்ன காரணத்தால், அதன்பின் இதை மாற்றினோம் என்று சொல்கிறவரை, டீ குடிக்கும்போது நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா

பி.கு.: அப்பாவின் பட்டறைச் சுவரில் இதை எழுதி ஒட்டிவிடு. விரல் துண்டானால் அதைத் தூக்கிப் போடக் கூடாது. சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் உள்ள இன்னொரு பையில் வைக்க வேண்டும். ஐஸ் நேராக விரலில் படக் கூடாது. காயத்தில் மஞ்சளோ காப்பித்தூளோ அப்ப வேண்டாம். துணி வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தியபடி உடனே வண்டியில் ஏற்றுங்கள்.