வலிமை தந்த வேகம்



சைக்கிள் பந்தயத்தில் வெல்ல, சைக்கிள் ஓட்டினால் மட்டும் போதுமா? பளு தூக்கினால் உடல் கனத்து வேகம் குறையும் என்றே முன்பு பலர் எண்ணினர்.

இங்கிலாந்தின் பெரில் பர்ட்டன், சிறு வயதில் காய்ச்சலால் பல மாதங்கள் மருத்துவமனையில் கிடந்தவர். பின்னர் பந்தய வீராங்கனையானார். பிழைப்புக்காக யார்க்ஷயரில் ஒரு பண்ணையில் மண்ணைக் கொத்தினார், பாரம் சுமந்தார். அப்பண்ணையே அவருடைய பயிற்சிக்கூடம். 1967-இல் 12 மணி நேரப் போட்டியில் 277.25 மைல் (சுமார் 446 கிலோமீட்டர்) ஓட்டி, ஆண்களில் முதல்வராக வந்த மைக் மெக்னமாராவையும் மிஞ்சினார். அவரை முந்திச் செல்கையில் ஒரு மிட்டாயை நீட்டினாராம்! ஆண்கள் அத்தூரத்தைத் தாண்ட 2 ஆண்டுகள் ஆயின. பெண்களில் 2017 வரை எவரும் அதை முறியடிக்கவில்லை.

அன்று பண்ணை தந்த வலிமையை இன்று பயிற்சியாளர்கள் திட்டமிட்டு வளர்க்கின்றனர். தோளில் பளுவைத் தாங்கி உட்கார்ந்து எழுதல், தரையிலிருந்து பளுவைத் தூக்குதல் ஆகியவற்றை வாரம் இருமுறையும், பந்தயக் காலத்தில் ஒருமுறையும் செய்விக்கின்றனர். தசை வலுப்பெற்றால், ஒவ்வொரு மிதிக்கும் அதன் முழு ஆற்றலில் சிறு பங்கே செலவாகும், களைப்பும் தாமதமாகும். நார்வே நாட்டு ஆய்வுகளும் இதன் பயனைக் காட்டியுள்ளன. ஆனால், குறைந்த எடையில் தொடங்கி, பயிற்சியாளர் முன்னிலையில் படிப்படியாகவே கூட்ட வேண்டும்.

“பெண்ணுக்கு எதற்கு உடல் வலிமை?” என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. பெரில் கடந்த 277.25 மைலே அவர்களுக்கு விடை!

– பத்தாம் வகுப்பு மாணவி