தாதிமைக்கும் ஒரு தத்துவம் உண்டு

மாணவர்களே, ஒரு கேள்வியுடன் தொடங்குவோம்.

நள்ளிரவு மணி இரண்டு. மருத்துவமனைப் படுக்கையில் ஒரு முதியவர். பக்கவாதம் வந்ததால் அவரால் தாமாகப் புரண்டு படுக்க முடியாது. அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. தாதி அருகில் வந்ததும் அவர் விழித்துக்கொண்டு, "விட்டுடும்மா, இப்பத்தான் கண்ணு அசந்தேன்" என்கிறார். தாதி என்ன செய்ய வேண்டும்?

அறிவியல் சொல்வது

முதலில் உயிரியலைப் பார்ப்போம். நம் தோலுக்கு உயிர்வளியையும் சத்துகளையும் கொண்டு செல்பவை தந்துகிகள் எனப்படும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள். ஒரே நிலையில் நெடுநேரம் படுத்திருந்தால், குதிகால், இடுப்பின் பின்பகுதி போன்ற இடங்களில் எலும்புக்கும் மெத்தைக்கும் இடையே தோல் நசுங்குகிறது. தந்துகிகள் அழுந்தி இரத்த ஓட்டம் தடைபடுகிறது. உயிர்வளி கிடைக்காத செல்கள் மடியத் தொடங்குகின்றன. இப்படி உண்டாவதே படுக்கைப் புண். அதில் கிருமி தொற்றினால் உயிருக்கே ஆபத்து வரலாம். அதனால்தான் இத்தகைய நோயாளிகளைக் குறித்த இடைவெளியில், பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, திருப்பிப் படுக்க வைக்கிறார்கள்.

ஆக, ஏன் திருப்ப வேண்டும் என்பதற்கு அறிவியலில் விடை இருக்கிறது. ஆனால் தூக்கத்துக்காகக் கெஞ்சும் ஒரு மனிதரை எப்படி நடத்துவது? அதற்கு விடை சொல்வது தாதியின் மனத்தில் உள்ள தத்துவம். தத்துவம் என்றதும் பயந்துவிடாதீர்கள். 'நான் இந்த வேலையை எதற்காக, எந்த நம்பிக்கையோடு செய்கிறேன்?' என்ற கேள்விக்கு ஒருவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் தெளிவான பதில்தான் அது.

நான்கு கேள்விகள்

தாதிமை படிப்பவர்கள் தங்கள் தத்துவத்தை நான்கு சொற்களைச் சுற்றி அமைக்கப் பழகுகிறார்கள்: மனிதர், சுற்றுச்சூழல், உடல்நலம், தாதிமை. இந்த நான்கும் எனக்கு என்ன பொருள் தருகின்றன என்று அவர்கள் சிந்திக்க வேண்டும். இருவர் எப்படிச் சிந்தித்தார்கள் என்று பாருங்கள்.

ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் சுற்றுச்சூழலுக்கு முதலிடம் தந்தார். 1854 நவம்பரில், கிரிமியப் போரில் அடிபட்ட வீரர்களைப் பராமரிக்க 38 தாதியருடன் துருக்கியின் ஸ்கூட்டாரி மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே காயத்தால் இறந்தவர்களைவிட நோயால் இறந்தவர்களே அதிகம். 1855 மார்ச்சில் பிரிட்டிஷ் அரசாங்கம் அனுப்பிய சுகாதாரக் குழு சாக்கடைகளைச் சுத்தம் செய்து காற்றோட்டத்தைச் சீராக்கிய பிறகு, மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. பின்னர் நைட்டிங்கேல் அந்தப் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து, 1858இல் வட்ட வடிவ வரைபடங்களாக வெளியிட்டார். தூய காற்று, தூய நீர், நல்ல வடிகால், தூய்மை, வெளிச்சம் ஆகிய ஐந்தும் நலமான வீட்டின் அடிப்படை என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கைக்கு எண்களும் துணை நின்றன என்பதைக் கவனியுங்கள்.

அமெரிக்கத் தாதியான வர்ஜீனியா ஹெண்டர்சன் மனிதரிடமிருந்து தொடங்கினார். ஒருவருக்குப் போதிய வலுவும் மன உறுதியும் அறிவும் இருந்தால் தம் நலனுக்காக எதையெல்லாம் தாமே செய்துகொள்வாரோ, அதைச் செய்ய அவருக்கு உதவுவதே தாதிமை என்றார். அவர் கூடிய விரைவில் பிறர் உதவியின்றி இயங்கவும் வழிசெய்ய வேண்டும் என்றார். மூச்சுவிடுவது, உண்பது, உறங்குவது என 14 தேவைகளையும் பட்டியலிட்டார். உறக்கமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது!

மீண்டும் அந்த முதியவரிடம்

நேரம் வந்துவிட்டது, திருப்பியாக வேண்டும் என்று மட்டும் நினைக்கும் தாதி, பேசாமல் திருப்பிவிட்டுப் போகலாம். முதியவரின் விருப்பத்துக்கும் மதிப்புத் தரும் தாதி, முதலில் அவரிடம் காரணத்தை எளிமையாக விளக்குவார். தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பார். முழுவதுமாகப் புரட்டாமல், சற்றே சாய்த்துத் தலையணையை அண்டக் கொடுக்கலாமா என்று கேட்பார். அப்போதும் அவர் மறுத்தால், மூத்த தாதியிடம் தெரிவித்து, குறிப்பேட்டில் எழுதிவைத்து, சற்று நேரத்தில் திரும்பி வருவார். இருவருக்கும் தெரிந்த அறிவியல் ஒன்றே. வேறுபாடு தத்துவத்தில்தான்.

முதியவரின் தோலும் முக்கியம், அவருடைய சொல்லும் முக்கியம். ஒன்றுக்காக மற்றொன்றை மறந்துவிடாமல் இருக்கத்தான் தத்துவம் உதவுகிறது.

நீங்களும் எழுதிப் பாருங்கள்

சிங்கப்பூரில் ஆகஸ்ட் 1 தாதியர் தினம். 1885இல் அதே நாளில் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள் இங்குள்ள பொது மருத்துவமனையில் தாதியராகப் பணியைத் தொடங்கியதை அது நினைவுகூர்கிறது. நீங்கள் தாதியாக விரும்பினாலும் சரி, வீட்டில் தாத்தா பாட்டிக்குத் துணையாக இருந்தாலும் சரி, கீழ்க்காணும் தொடர்களை உங்கள் சொற்களில் நிறைவு செய்யுங்கள்:

1. நோயுற்ற ஒருவரைப் பார்க்கும்போது நான் முதலில் காண்பது...
2. அவர் குணமடைய அவரைச் சுற்றி இருக்க வேண்டியவை...
3. 'நலம்' என்று நான் கருதுவது...
4. அவருக்காக நான் செய்ய வேண்டியது... அவரையே செய்யவிட வேண்டியது...

எழுதிய தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். ஓராண்டு கழித்து எடுத்துப் படியுங்கள். உங்கள் பதில்கள் மாறியிருந்தால், ஏன் மாறின என்றும் அதன் கீழேயே எழுதுங்கள். தத்துவம் வளர்வது அப்படித்தான்.