மாமா தட்டிப் பார்த்த ஓசை

கல்யாணைக் கடந்து கர்ஜத் செல்லும் இருப்புப்பாதையில், விட்டல்வாடிக்கும் அம்பர்நாத்துக்கும் இடையே அமைந்த நகரம் உல்லாஸ்நகர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கே படைவீரர் முகாம் இருந்தது. 1947இல் நாடு பிரிந்தபின், சிந்துவிலிருந்து வந்த ஏதிலிகள் அம்முகாமின் கொட்டகைகளில் குடியேறினர். 1949ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள், அந்நாளில் தலைமை ஆளுநராக விளங்கிய இராஜாஜி இந்நகருக்கு அடிக்கல் நாட்டினார். படைவீரர் கொட்டகையைத் தடுத்தும் ஒட்டியும் வீடாக்கிக்கொண்ட ஊர் இது. இன்றும் ஒன்றாம் கேம்ப், இரண்டாம் கேம்ப் என்றே இதன் பகுதிகள் வழங்குகின்றன.

நான்காம் கேம்பில் தமிழ்க் குடும்பம் ஒன்று வாழ்ந்தது. தந்தை அம்பர்நாத் தொழிற்சாலை ஒன்றில் இரவுப் பணியாளர். மகள் எட்டாம் வகுப்பு மாணவி. மழைக்காலத்தில் ஒருநாள் விடியற்காலை, பணி முடிந்து திரும்பிய தந்தையின் மோட்டார் சைக்கிள் நீர் நிறைந்த பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்தது. அவர் முழங்கை சிராய்த்தது. வண்டியின் முன்பக்க நெகிழி உறை இடப்புறம் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்தது. திருகாணி மாட்டும் காதும் ஒடிந்தது.

இவ்வுறையைக் கடைக்காரர் ஃபேரிங் என்பர். எதிர்க்காற்றைப் பிளந்து ஒதுக்குவது இதன் வேலை. ஓசூரில் இயங்கும் டி.வி.எஸ். நிறுவனம் 2017 டிசம்பரில் வெளியிட்ட அப்பாச்சி ஆர்.ஆர். 310 வண்டிக்கு இவ்வுறை உடல் முழுதும் உண்டு. தந்தையின் பழைய வண்டிக்கு முன்பாதி மட்டுமே.

உறை உடைந்தால் அழகுதானே கெடும் என்று எண்ணலாகாது. காது ஒடிந்த பகுதி உள்நோக்கிச் சரிந்து, கைப்பிடியை இடப்பக்கம் திருப்பும்போதெல்லாம் தடுத்தது. தந்தை அதைக் கயிற்றால் இழுத்துக் கட்டினார். உடனடிப் பசையும் தடவிப் பார்த்தார். பசை கண்ணாடிபோல் இறுகியது; இரண்டே நாளில் இயந்திரத்தின் அதிர்வு தாங்காமல் விண்டுபோனது. புதிய உறைக்குக் கடைக்காரர் மூவாயிரத்து இருநூறு ரூபாய் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாணவியின் தாய்மாமன் சயானில் இரயில் ஏறி வந்தார். தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் பழைய நெகிழியை இனம் பிரிப்பவர் அவர். நகரம் கழித்தெறிந்த நெகிழி வந்து குவியும் இடம் அது. அங்குள்ளோர் துண்டைத் தட்டி ஓசை கேட்டும், வளைத்துப் பார்த்தும், நுனியைக் கொளுத்தி மணம் பார்த்தும் இன்ன வகை என்று கூறிவிடுவர். கொளுத்திப் பார்ப்பதை மாமா வீட்டில் செய்ய விடுவதில்லை. அப்புகை நுரையீரலுக்குக் கேடு என்பதை அவர் இருமலே அறியும்.

மாமா உறையை விரலால் தட்டினார். “டக்கென்று ஒலிக்கிறது, ஏ.பி.எஸ். ஆகத்தான் இருக்கும்” என்றார்.

“வேறாக இருந்தால் என்ன மாமா?” என்று கேட்டாள் மாணவி.

“பாலிபுரோப்பிலீன் என்றொரு வகை உண்டம்மா. தட்டினால் மந்தமாக ஒலிக்கும். தொட்டால் மெழுகுபோல் வழுக்கும். இன்று செய்யப்போகும் மருந்து அதனிடம் பலிக்காது. உட்புறத்தைப் பார், பெயரே பொறித்திருக்கும்.”

உறையைக் கழற்றித் திருப்பியபோது இரு கூர்க்குறிகளுக்கிடையே ஏ.பி.எஸ். என்னும் எழுத்துகள் இருந்தன. ஆயினும் மாமா ஒரு சிறு சில்லைத் தண்ணீரில் இட்டுக் காட்டினார். அது மூழ்கியது. கலப்பில்லாத பாலிபுரோப்பிலீன் தண்ணீரைவிட இலேசானது, ஆதலால் மிதக்கும். ஏ.பி.எஸ். சற்றே கனமானது, ஆதலால் மூழ்கும்.

மருந்து என்று அவர் குறித்தது அசிட்டோனை. அது ஏ.பி.எஸ். நெகிழியைக் கரைக்கும், பாலிபுரோப்பிலீனைக் கரைக்காது. ஏ.பி.எஸ். துண்டுகளை அதில் ஊறவிட்டால் தேன் பதத்தில் கூழ் கிடைக்கும். அக்கூழை விரிசலில் இட்டால் விரிசலின் ஓரங்களும் சிறிது கரைந்து கூழோடு கலக்கும். அசிட்டோன் ஆவியானபின் அனைத்தும் ஒரே நெகிழியாக இறுகிவிடும். பசை இரு பொருள்களை ஒட்டவைக்கிறது. இக்கூழோ இரண்டையும் ஒன்றாக்குகிறது.

அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து தொலைவிலுள்ள சுடரையும் எட்டும். எனவே மாமா வீட்டுக்குள் பணி செய்யாமல் வெளித்திண்ணைக்குச் சென்றார். அதற்குமுன் அடுப்பையும் பூசை விளக்கையும் அணைக்கச் சொன்னார். கையுறை அணிந்துகொண்டார். மாணவி எட்ட நின்றே பார்த்தாள்.

முதலில் உறையைச் சவர்க்கார நீரால் கழுவி உலர்த்தினர். பின்னர் மாமா, விரிசல் எங்கே முடிகிறதோ அங்கே மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளையிட்டார். உடைந்ததைச் செப்பனிட வந்தவர் மேலும் ஓட்டை போடுகிறாரே என்று தந்தை திகைத்தார். விரிசலின் முனை ஊசிபோல் கூரியது; இழுவிசை முழுவதும் அங்கே குவிவதால்தான் அது மேன்மேலும் நீள்கிறது. முனையை வட்டமாக்கினால் விசை பரவிவிடும். கூரிய முனையில் விசை குவிவதை இங்கிலிஸ் என்னும் பொறியியல் அறிஞர் 1913இல் கணக்கிட்டுக் காட்டினார். மாமா அவர் பெயரை அறியார், துளையை அறிவார்.

அடுத்து, விரிசல் நெடுகிலும் இருபக்கமும் சரிவாகச் செதுக்கிக் கூழ் தங்க இடம் செய்தார். உடைந்த விசைப்பலகையின் ஏ.பி.எஸ். சில்லுகள் கண்ணாடிப் புட்டியில் முதல்நாளே ஊறிக் கூழாகியிருந்தன. அக்கூழை மெல்லிய அடுக்குகளாக இட்டார். ஒரேயடியாக அப்பினால் உறையே இளகித் தொய்ந்துவிடும். உட்புறத்தில், சன்னலில் கொசுவைத் தடுக்கும் கம்பி வலையின் துண்டு ஒன்றைக் கூழில் பதித்தார். ஒடிந்த காதுக்கு ஈடாக வேறொரு துண்டை அறுத்துக் கூழால் பொருத்தினார்.

இரண்டு நாள் தொடாதிருந்து, பிறகு புதிய காதில் துளையிட்டு இரப்பர் வளையம் மாட்டினர். வளையம் இல்லாமல் திருகாணியை இறுக முடுக்கியதே முன்பு காது பலவீனமானதற்குக் காரணம் என்று மாமா தொலைபேசியில் கூறினார். தந்தை 180, 320, 600 எண்ணுள்ள உப்புத்தாள்களை வரிசையாக எடுத்து, நீர் தொட்டுத் தேய்த்தார். பள்ளங்களில் பட்டி பார்த்தார். மேலே சாம்பல்நிறப் பிரைமர் பூசினார். நகத்தில் தட்டுப்படாத மெல்லிய கீறல்களுக்கு இத்துணைப் பாடு வேண்டியதில்லை. பாலிஷ் இட்டுத் துடைத்தால் மறையும். வண்ணப்பூச்சை மட்டும் மாமா தள்ளிவைக்கச் சொல்லியிருந்தார். மழைக்கால ஈரத்தில் பூசினால் வண்ணம் வெளுத்துப் பூத்துவிடும்.

இனி, அந்த ஞாயிறன்று மாலை நிகழ்ந்தது. புட்டியில் கூழ் எஞ்சியிருந்தது. தந்தை உள்ளே சென்று தம் தலைக்கவசத்தைக் கொணர்ந்தார். விழுந்தபோது அதன் பின்புறத்திலும் மயிரிழை விரிசல் கண்டிருந்தது.

“மச்சான், இதுவும் ஏ.பி.எஸ். என்றுதான் எழுதியிருக்கிறது. இதற்கும் கொஞ்சம் இடுங்கள்.”

மாமா அதைத் தட்டிப் பார்த்தார். உட்புறத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். தலைக்கவசத்தின் ஓட்டுக்குள் தெர்மோகோல் போன்ற ஒரு திண்டு உண்டு. அடி விழும்போது தான் நசுங்கி, மண்டைக்குச் செல்லும் அடியைக் குறைப்பது அதுவே. ஒருமுறை நசுங்கினால் மீண்டும் எழாது. அசிட்டோன் பட்டால் ஓடும் வலுவிழக்கும். திண்டோ கரைந்தே போகும்.

“உறை காற்றைத் தாங்குவது, மாப்பிள்ளை. இது உங்கள் தலையைத் தாங்குவது. இதை ஒட்டித் தரமாட்டேன்” என்றார் மாமா. கத்தரிக்கோலை வாங்கி அதன் தாடைவாரை அறுத்தார், எவரும் எடுத்து அணியாதபடி. தந்தை சிறிதுநேரம் பேசவில்லை.

மறுநாள், உறைக்கென ஒதுக்கிய பணத்தில் ஐ.எஸ். 4151 முத்திரையுள்ள புதிய தலைக்கவசம் வாங்கப்பட்டது. வண்டியின் இடப்பக்கம் தீபாவளி வரை சாம்பல் நிறமாகவே இருந்தது.

சொற்பொருள்

ஏதிலிகள் – புகலிடம் தேடி வந்தோர்
செப்பனிடுதல் – பழுது நீக்கிச் சரிசெய்தல்
பட்டி பார்த்தல் – மாவுப்பசையால் பள்ளம் நிரப்புதல்
தாடைவார் – தாடையின்கீழ் மாட்டும் பட்டை

பயிற்சி

1. உடனடிப் பசை நிலைக்காமல் போனது ஏன்? கூழ் அதனினும் எவ்வாறு வேறுபடுகிறது?
2. விரிசலின் முனையில் மாமா துளையிட்டதன் காரணத்தைச் சொந்த நடையில் எழுதுக.
3. தாடைவாரை அறுத்தபின் தந்தை பேசாதிருந்தார். அவர் எண்ணியிருக்கக்கூடியதை ஐந்து வரிகளில் எழுதுக.
4. வீட்டிலுள்ள உடைந்த நெகிழித் துண்டுகள் மூன்றைத் தண்ணீரில் இட்டு, மிதப்பன, மூழ்குவன எனப் பிரித்து எழுதுக.