குட்டி கீபோர்டில் 'நஞ்சை' வருமா?

மன்னார்குடியில் எங்க அத்தை வீட்டிலேயே மனு டைப் அடித்துக் கொடுக்கிறார். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. மேசை சின்னது, பாதியைத் தாள்கட்டே பிடிச்சுக்கும். அதனால் வயரில்லாத குட்டி கீபோர்டு வாங்க நினைத்தார்.

1999-ல் சென்னையில் நடந்த 'தமிழிணையம் 99' மாநாட்டை ஒட்டி வந்தது தமிழ்99 விசைப்பலகை. 12 உயிர் இடது கைக்கு, 18 மெய் பெரும்பாலும் வலது கைக்கு. ஃ-ஐயும் சேர்த்து 31 விசையில் 247 எழுத்தும் வந்துவிடும்.

இதில் ந, ய, ச, ஞ, ழ ஐந்தும் வலது ஓரத்தில், ஆங்கிலத்தின் அரைப்புள்ளி, மேற்கோள், அடைப்புக்குறி, சாய்கோடு இருக்கும் விசைகளில் இருக்கின்றன. ஆங்கிலத்தில் அடிப்பவருக்கு அவை எப்பவாவதுதான் வேணும். அதனால் ரொம்பக் குட்டி கீபோர்டு சிலவற்றில் அந்த விசைகளைச் சுருக்கிவிடுவார்கள், இல்லாவிட்டால் 'எஃப்என்' விசையோடு சேர்த்து அமுக்கணும். நம்ம ஊர் மனுவில் 'நஞ்சை' வராமல் இருக்குமா? ந, ஞ, ச, ஐ என்று நாலு தட்டு (புள்ளி தானாக விழும்). அதில் மூணு அந்த ஓரத்தில்! கை நின்னு நின்னு போனால் கூலியும் குறையும்.

எண்பலகை இல்லாதது பரவாயில்லை, சர்வே எண்ணை மேல்வரிசையிலேயே அடிக்கலாம். கடையில் 'நஞ்சை, உழவு, வயல்' மூன்றையும் அடித்துப் பார்க்கச் சொன்னேன். அந்த மூன்று சொல்லில் ஐந்து எழுத்தும் வந்துவிடும். அத்தை ஓரவிசைகள் முழு அளவில் இருந்ததையே எடுத்தார்.