எந்த லினக்ஸ் எண்டு கேட்கமுதல் எந்தச் சோதனை எண்டு சொல்லுங்கோ

ஏ.எல். எழுதிப்போட்டு ரிசல்ட்ஸைப் பாத்துக்கொண்டு இருக்கிற பிள்ளையள், திருநெல்வேலி கம்பஸில கம்பியூட்டர் சயன்ஸ் படிக்கிறவை, கிளிநொச்சி அறிவியல்நகரில எஞ்சினியரிங் செய்யிறவை, ஆரைக் கண்டாலும் கேள்வி ஒண்டுதான்: “அக்கா, லினக்ஸ் சேர்டிஃபிகேட் எடுக்கப் போறன், எந்த டிஸ்ட்ரோ போடுறது?” கேட்கேக்கையே பாதிப்பேர் காலி லினக்ஸை இறக்கி வைச்சிருப்பினம். கறுப்புத் திரையில பச்சை எழுத்து ஓடினால் ஹக்கர் எண்டொரு நினைப்பு. லினக்ஸ் புதுசாப் படிக்கிறவைக்கு இது பொருத்தமில்லை எண்டு காலியைச் செய்தவையே தங்கட கையேட்டில எழுதி வைச்சிருக்கினம், தம்பி. அதை அழியுங்கோ.

நீங்கள் எழுதப்போறது ரெட் ஹட்டின்ர ஆர்எச்சிஎஸ்ஏ சோதனை எண்டால் உங்கட விருப்பத்துக்கு அங்க இடமில்லை. அது விடையில புள்ளடி போடுற சோதனை இல்லை. மெஷினைத் தந்து வேலையைச் செய் எண்டு விடுவினம். 300க்கு 210 எடுத்தால்தான் பாஸ். இன்டர்நெட் கிடையாது, மெஷினுக்குள்ள இருக்கிற மேன் பேஜ்தான் துணை. உபுண்டுவில பழகின கை அங்க தடுமாறும். ஏபிடி இருந்த இடத்தில டிஎன்எஃப், யூஎஃப்டபிள்யூ இருந்த இடத்தில ஃபயர்வோல்டி, ஆப்ஆர்மருக்குப் பதிலா எஸ்ஈலினக்ஸ். கனபேரை விழுத்துறது கடைசியாச் சொன்னதுதான். வீட்டில ஒருக்கா வெப் சேர்வரை 82ஆம் போர்ட்டுக்கு மாத்திப் பாருங்கோ. கொன்ஃபிக் சரி, ஃபயர்வோல் திறந்திருக்கு, ஆனாலும் சேர்விஸ் எழும்பாது. அந்தப் போர்ட்டுக்கு எஸ்ஈலினக்ஸ் லேபல் குடுத்தாப் பிறகுதான் எழும்பும். உபுண்டுவில எத்தினை மாதம் இருந்தாலும் இந்தப் பாடம் வராது. இன்னொண்டு, செய்த எல்லாம் ரீபூட்டுக்குப் பிறகும் நிக்க வேணும். எஃப்எஸ்டாப்பில ஒரு எழுத்துப் பிழைச்சால் மெஷினே எழும்பாது.

ரெட் ஹட்டுக்குப் பழக, பழைய புத்தகமும் யூடியூப்பும் சென்ட்ஓஎஸ் போடச் சொல்லும். கேக்காதேங்கோ. சென்ட்ஓஎஸ் 8 2021 கடைசியோட முடிஞ்சுது, 7 2024 ஜூன் 30ஓட. அந்த இடத்துக்கு வந்தவைதான் ரொக்கியும் அல்மாவும். ரெட் ஹட்டின்ர அசலையும் டெவலப்பர் கணக்குத் திறந்தால் 16 மெஷின் வரைக்கும் காசில்லாமல் எடுக்கலாம். நான் சொல்லுறது அல்மா. காரணம் உங்கட பழைய லப்டொப். ரெட் ஹட் 10 ஏவிஎக்ஸ்2 இருக்கிற புரொசெசர் கேட்கும். இன்டெல்லில அது 2013இல வந்த நாலாம் தலைமுறையோடதான் தொடங்குது. பென்டியம், செலெரோனில பிறகு வந்ததிலயும் கனக்க அது இல்லை. அல்மா 10 மட்டும் பழைய புரொசெசருக்கெண்டு தனியா ஒரு பதிப்பு விடுது. சோதனை 9இலயோ 10இலயோ எண்டதை பதியமுதல் ரெட் ஹட் பக்கத்தில பாருங்கோ, அதே இலக்கத்தைப் போடுங்கோ.

ஃபெடோரா நல்லது, ஆனா அது ரெட் ஹட்டுக்கு முன்னால ஓடுறது. சோதனையில இல்லாததை எல்லாம் பழக்கிவிடும். ஃபெடோராவை வைச்சு எங்கட நாட்டிலயே ஹந்தான லினக்ஸ் எண்டொண்டு செய்தவை. எனக்கு அதில பெருமைதான், சோதனைக்கு மட்டும் வேண்டாம்.

எல்பிஐ நடத்துற எல்பிஐசி-1 எடுக்கிறவைக்குக் கதை வேறை. 101, 102 எண்டு இரண்டு தாள், ஒவ்வொண்டிலயும் 90 நிமிசத்தில 60 கேள்வி, 800க்கு 500 வேணும். எந்தக் கம்பனியின்ர பக்கமும் சாராத சோதனை, அதாலதான் டிபிகேஜியும் கேட்பினம், ஆர்பிஎம்மும் கேட்பினம். டெபியன் ஒண்டு, அல்மா ஒண்டு, இரண்டிலயும் ஒரே வேலையைச் செய்து பழகுங்கோ. சில கேள்விக்கு கொமாண்டை நீங்களே ரைப் பண்ண வேணும், பாத்தால் அடையாளம் தெரியும் எண்ட அளவுக்குப் படிச்சால் காணாது.

விண்டோஸை அழிக்க வேண்டாம், அண்ணாவின்ர கலியாணப் படமெல்லாம் அதிலதான் கிடக்கும். 8 ஜிபி ரேம் இருந்தால் வேர்ச்சுவல்பொக்ஸில 2 ஜிபி குடுத்து, டெஸ்க்டொப் இல்லாமல் கறுப்புத் திரையோட மட்டும் போடுங்கோ. எல்விஎம் பழக இரண்டு சின்ன டிஸ்க்கைக் கூடக் கொழுவுங்கோ. பூட்டில கைவைக்கமுதல் ஸ்னப்ஷொட். டபிள்யூஎஸ்எல் கொமாண்ட் பழகக் காணும், ஆனா அதில கிரப் இல்லை, மறந்த ரூட் பாஸ்வேர்டை மாத்திப் பழகேலாது.

டேட்டா கவலை இருந்தாலும் அல்மாவின்ர பெரிய டிவிடி ஐஎஸ்ஓவையே இறக்குங்கோ. கிட்டத்தட்ட 10 ஜிபி வரும். இரவு டேட்டாவில விட்டிட்டுப் படுங்கோ. செக்சம் பாத்தாப் பிறகு பென் டிரைவில நாலு பேர் மாத்திக்கொள்ளலாம். பக்கேஜ் எல்லாம் அதுக்குள்ளயே இருக்கிறதால பிறகு அதுகளைப் போட இன்டர்நெட் தேவையில்லை. அந்த ஐஎஸ்ஓவை மவுண்ட் பண்ணி ரெப்போவா வைக்கிறதே ஆர்எச்சிஎஸ்ஏ பாடத்திட்டத்தில இருக்கிற வேலைதான். டெபியனுக்கு நெட்இன்ஸ்ட் போதும், அது ஒரு ஜிபிக்குள்ள.

எல்பிஐ சோதனையை வீட்டில இருந்தும் எழுதலாம். கரண்ட் போனாலும் லப்டொப் ஓடும், ரவுட்டர் ஓடாது; அதுக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்குங்கோ. கொழும்பில சென்டருக்குப் போறதெண்டால் இரவு பஸ்ஸால விடியப் போய் இறங்கி அப்பிடியே ஒன்பது மணிக்கு இருக்காதேங்கோ. பின்னேர நேரத்தைப் பதியுங்கோ.