உப்புத் தண்ணீர் காத்த உயிர்கள்

கண்ணீர் உங்கள் உதட்டில் பட்டிருக்கிறதா? எப்படி இருக்கும்? கரிக்கும்.

வெயிலில் வேலை செய்கிறோம். நெற்றி வியர்வை வாய்க்குள் வழிகிறது. அதுவும் கரிக்கும்.

ஏன் தெரியுமா? நம் உடம்பில் இருப்பது வெறும் தண்ணீர் இல்லை. உப்புக் கலந்த தண்ணீர்.

வளர்ந்த மனிதரின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அதில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு போன்ற உப்புச் சத்துகள் கரைந்திருக்கின்றன. சமையல் உப்பில் சோடியமும் குளோரைடும் உள்ளன. வாழைப்பழத்திலும் இளநீரிலும் பொட்டாசியம் உள்ளது. இந்தச் சத்துகள் அளவோடு இருக்க வேண்டும். அப்போதுதான் கை கால் அசையும். நரம்பு வேலை செய்யும். இதயம் சீராகத் துடிக்கும்.

பேதியானால் தண்ணீர் போகிறது. உப்பும் கூடவே போகிறது. இரண்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அக்கா சொன்னது

எங்கள் படிப்பு மையத்தில் ஒரு நாள் வயிற்றுப்போக்கைப் பற்றிப் பேச்சு வந்தது.

"தண்ணி கொடுத்தா இன்னும் அதிகமாப் போகும்னு பெரியவங்க சொன்னாங்க, தம்பி. அதனால நான் கொடுக்கல" என்றார் ஓர் அக்கா.

பிறகு அவர் பேசவில்லை. அந்தக் குழந்தைக்கு வயது ஒன்றரை. பிழைக்கவில்லை.

பக்கத்தில் இருந்த இன்னொரு அக்கா சொன்னார்: "நான் கொடுத்தேன், தம்பி. நர்ஸம்மா தந்த பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணியில முழுசாக் கொட்டிட்டேன். பிள்ளை துப்பிடுச்சு. மறுநாள் நர்ஸம்மா பார்த்துப் பதறிட்டாங்க."

பாக்கெட்டில் '1 லிட்டர்' என்று அச்சிட்டு இருந்தது. அப்போது அவருக்குப் படிக்கத் தெரியாது.

தண்ணீர் கொடுக்காதது தவறு. அளவு தெரியாமல் கொடுப்பதும் தவறு. சரியான முறையை நம் நாட்டு மருத்துவர் ஒருவர் ஊருக்கே காட்டினார். அந்தக் கதையைப் படிப்போம்.

1971-இல் நடந்தது

1971-ஆம் ஆண்டு. வங்கதேச விடுதலைப் போர் நடந்தது. ஏறக்குறைய 1 கோடி மக்கள் அகதிகளாக இந்தியாவுக்கு வந்தார்கள். முகாம்களில் நெரிசல். நல்ல தண்ணீர் இல்லை. காலரா பரவியது.

மேற்கு வங்காளத்தில் எல்லைக்கு அருகில் உள்ள ஊர் போங்காவ். அங்கே வேலை செய்ய வந்தார் மருத்துவர் திலீப் மகலனாபிஸ். ஆஸ்பத்திரியில் கட்டில் போதவில்லை. நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டே வந்தன.

என்ன செய்வது? அவர் ஒரு முடிவு எடுத்தார். உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் அளவோடு கலந்தார்கள். பிளாஸ்டிக் பைகளில் போட்டு ஒட்டினார்கள். முகாமில் அதைத் தண்ணீரில் கரைத்துப் பெரிய டிரம்களில் வைத்தார்கள். ஊசி இல்லை. பாட்டில் இல்லை. அம்மாவும் அப்பாவும் அண்ணனும் அக்காவும் கோப்பையில் பிடித்து நோயாளிக்குக் குடிக்கக் கொடுத்தார்கள்.

அதற்கு முன் காலரா வந்த 100 பேரில் 30 பேர் வரை இறந்துகொண்டிருந்தார்கள். இந்தக் கரைசல் கொடுத்த பிறகு 100 பேரில் 4 பேருக்கும் குறைவாகவே இறந்தார்கள்.

பின்னர் உலகம் முழுவதும் இந்த முறை பரவியது. இதைத்தான் இன்று ஓ.ஆர்.எஸ். என்கிறோம். மகலனாபிஸ் 2022-இல் காலமானார். 2023-இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

சர்க்கரை எதற்கு?

தண்ணீரும் உப்பும் போதாதா? சர்க்கரை எதற்கு?

நம் குடலில் சின்னஞ்சிறு கதவுகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பேதியின்போது உப்பு தனியாக வந்தால் சரியாக உள்ளே போகாது. சர்க்கரையும் உப்பும் ஜோடியாக வந்தால் இந்தக் கதவு திறக்கும். இரண்டும் ரத்தத்துக்குள் போகும். அவற்றின் பின்னால் தண்ணீரும் போகும். காலரா வந்தாலும் இந்தக் கதவு கெடுவதில்லை.

சர்க்கரை அதிகமானால் பேதி கூடும். உப்பு அதிகமானால் குழந்தைக்கு ஆபத்து. அதனால்தான் அளவு முக்கியம்.

எப்படிக் கலப்பது?

1. சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.
2. பாக்கெட்டில் எழுதியதைப் படியுங்கள். பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு. சிறிய பாக்கெட் 200 மில்லி லிட்டருக்கு.
3. காய்ச்சி ஆறிய தண்ணீரை அளந்து எடுங்கள். முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் கரையுங்கள்.
4. கரைத்த பிறகு காய்ச்ச வேண்டாம். மூடி வையுங்கள். 24 மணி நேரத்தில் மீதியைக் கொட்டிவிடுங்கள்.

பாக்கெட் கிடைக்கவில்லையா? 1 லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை போடுங்கள். தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்புப் போடுங்கள். முதலில் நீங்கள் ருசி பாருங்கள். கண்ணீரை விட அதிகமாகக் கரிக்கக் கூடாது.

எவ்வளவு கொடுப்பது?

ஒவ்வொரு முறை பேதியான பிறகும் கொடுங்கள். 2 வயதுக்குக் கீழே என்றால் கால் டம்ளர் முதல் அரை டம்ளர் வரை. அதற்கு மேல் என்றால் அரை டம்ளர் முதல் ஒரு டம்ளர் வரை. பெரியவர்கள் வேண்டிய அளவு குடிக்கலாம்.

வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுங்கள். பிறகு கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். ஜிங்க் மாத்திரை தந்தால், பேதி நின்ற பிறகும் 14 நாள் முழுவதும் கொடுங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போது?

கண் குழி விழுந்தால், சிறுநீர் போகவில்லை என்றால், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகப் பழைய நிலைக்கு வந்தால், மலத்தில் ரத்தம் இருந்தால், குழந்தை சோர்ந்து தூங்கி வழிந்தால், குடிக்க முடியாமல் போனால் காத்திருக்காதீர்கள். போகும் வழியிலும் முடிந்தவரை கரைசலைக் கொடுங்கள்.

வெயிலில் வேலை செய்பவர்களுக்கு

வியர்வையிலும் உப்புப் போகிறது. நாள் முழுவதும் வெயிலில் உழைப்பவர் வெறும் தண்ணீரையே மிக அதிகமாகக் குடித்தால் ரத்தத்தில் உப்புக் குறையலாம். தலைவலி, குமட்டல், மயக்கம் வரும். எனவே தண்ணீரோடு உப்புப் போட்ட மோர், கஞ்சி, எலுமிச்சைச் சாறு குடியுங்கள்.

அதற்காகத் தினமும் சாப்பாட்டில் உப்பைக் கூட்ட வேண்டாம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும். அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

போன வாரம் மையத்துக்கு ஒரு பாக்கெட் கொண்டு போனேன். பாக்கெட்டைத் தவறாகக் கரைத்த அக்கா அதை வாங்கினார். விரல் வைத்துப் படித்தார். "ஒரு... லிட்டர்." முதலில் பேசிய அக்காவும் எட்டிப் பார்த்தார். "இங்க கொடுங்க, நானும் படிக்கிறேன்" என்றார்.

கலந்து பேசுவோம்

1. கண்ணீரும் வியர்வையும் ஏன் கரிக்கின்றன?
2. கரைசலில் சர்க்கரை எதற்காகச் சேர்க்கிறோம்?
3. பேதி ஆகும்போது தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் என்ன சொல்வீர்கள்?
4. உங்கள் வீட்டில் 1 லிட்டர் பிடிக்கும் பாத்திரம் எது? அளந்து பார்த்து, அதில் ஓர் அடையாளம் போடுங்கள்.